நீங்க முதல்ல, சம்பந்தி

மார்ச் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் எழுதப்போவது:

1. இங்கே எல்லோருடைய நலம்.
2. தங்கள் அழைப்புக்கு நன்றி.
3. அந்த ஏரியில் என்னால் ஏன் நீந்த முடியாது என்பது.
4. எனக்குப் பதில் யாரைக் கேட்கலாம் என்பது.
5. சம்பந்திகளைப் பற்றிப் பொதுவாக ஒரு கருத்து.

லிஃப்ட் சோதனை அறிக்கை எழுதியே வேலையை முடித்தவன் நான். வரிசை எண் போடாமல் எழுத வருவதில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் தூக்கம் போகிறது. காகிதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் துணிவு.

நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை என் மகளும் தங்கள் மகனும் வந்திருந்தார்கள். அவள் வழக்கம்போல் நாங்கள் எழுவதற்கு முன்பே ஓடப் போய்விட்டு, சேற்று ஷூவை வாசலில் போட்டிருந்தாள். மாப்பிள்ளை, சொட்டுகிற குழாயைச் சரிசெய்கிறேன் என்று முழுதாகக் கழற்றிவிட்டார். பிளம்பர் வந்து மாட்டினார். இப்போது சொட்டவில்லை. ஆக, மாப்பிள்ளை சரிசெய்ததாகவே நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அழைப்புக்கு நன்றி. தங்கள் ஊர் மலையில் வருடாவருடம் ஆகஸ்டில் நடக்கும் டிரையத்லானில் மூன்று பேர் ஓர் அணியாகச் சேரலாம், ஒருவர் ஏரியை நீந்த வேண்டும், ஒருவர் கணவாய்வரை சைக்கிள் மிதித்துத் திரும்ப வேண்டும், ஒருவர் காட்டுப்பாதையில் ஓட வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். மூவர் வயதையும் கூட்டினால் நூற்றைம்பதைத் தாண்டுகிற அணிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு என்றும் அறிந்தேன். தங்களுக்குச் செப்டம்பரில் முழங்கால் ஆபரேஷன், அதன்பின் டாக்டர் மலையேற விடமாட்டார், ஆகவே கணவாயை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட இதுதான் கடைசி வாய்ப்பு என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. ஓடுவதற்கு என் மகள் ஒப்புக்கொண்டாள் என்பதும், நீந்துகிற தங்கள் நண்பர் ஊர் மாறிப் போய்விட்டார் என்பதும் புரிந்தது. "நீந்தத் தெரிந்த கிழவர் எனக்கு நீங்கள் ஒருவர்தான்" என்ற வரியைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு நீச்சல் தெரியும் என்பதே பாதித் தகவல்தான். நகராட்சி நீச்சல் குளத்தில், ஓரப் பாதையில், மெதுவாகப் போகிறவர்களுக்கான கயிற்றுக்குள், கை நீட்டினால் சுவர் படுகிற இடத்தில் நீந்தத் தெரியும். குளத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போவேன், அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். அடியில் கோடு இல்லாத தண்ணீரில் நான் இதுவரை இறங்கியதில்லை. தங்கள் ஏரியின் ஆழத்தை யாரும் சரியாக அளந்ததில்லை என்று தாங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அளக்காத ஒன்றில் நான் எப்படி ஏறுவது, அல்லது இறங்குவது?

எங்கள் குளத்தில் ஒரு பல் டாக்டர் நீந்துகிறார். ஐம்பது தாண்டியவர். என்னைப் பலமுறை கடந்து போவார். விரும்பினால் அவரைக் கேட்கிறேன்.

கடைசியாக, பொதுக் கருத்து. லிஃப்ட் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கட்டாயம் ஓர் இடைவெளி விட வேண்டும். ஒட்டினால் உரசும். சம்பந்திகளும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். எட்ட இருந்து விசாரித்துக்கொண்டால் மரியாதை கெடாது. கூடிக் குளத்தில் குதித்தால், இன்றில்லாவிட்டாலும் நாளை ஏதாவது ஒரு சொல் வந்துவிடும். நடுவில் கஷ்டப்படுவது பிள்ளைகள். கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் நடந்ததே போதும். லிஃப்ட் வாசலில் நான் "நீங்க முதல்ல" என்றேன். தாங்கள் "நீங்க முதல்ல" என்றீர்கள். பெண்ணும் பையனும் உள்ளே நிற்க, நாம் வெளியே கும்பிட்டுக்கொண்டிருக்க, கதவு மூடிக்கொண்டு போய்விட்டது. நாம் படியேறிப் போவதற்குள் கையெழுத்து முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தாங்கள் மனதில் ஏதோ வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கத் தைரியம் வந்ததில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

தங்கள் பணிவுள்ள,
பெண்ணின் தகப்பன்


மார்ச் 15

அன்புள்ள சம்பந்தி,

முதல் வேலையாக அந்தத் 'தாங்கள், தங்கள்' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மின்சாரக் கட்டணம் கட்டவில்லை என்று நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கிறது. என் வீட்டம்மா உறையைப் பார்த்துவிட்டு, "யாருங்க வக்கீலா?" என்று கேட்டாள்.

லிஃப்ட் விஷயம். சாமி! நான் மனதில் வைத்திருக்கிறேனா? டிரைவிங் ஸ்கூலில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயம் போகட்டும் என்று முதல் நாள் நான் சொல்லும் கதையே அதுதான். "என் சம்பந்தி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அவர் கண்ணெதிரிலேயே லிஃப்ட் அவரை விட்டுவிட்டு ஓடிப்போச்சு" என்பேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிற கை தானாக இளகிவிடும். நீங்கள்தான் கோபமாக இருக்கிறீர்கள் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவ்வளவு பெரிய ஆள், ஒரு பொத்தானை அமுக்கிக் கதவை நிறுத்தியிருக்கலாம், இந்த மனுஷன் பேச்சுக் கொடுத்து என்னைக் கெடுத்துவிட்டான் என்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் மரியாதையாக இருந்திருக்கிறோம். நன்றாக இருக்கிறது நம் கதை.

இடைவெளி பற்றி எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ரோட்டிலும் முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விடச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் அடுத்த ஊரில் போகிற வண்டிக்கு யாரும் இடைவெளி விடுவதில்லை.

பல் டாக்டர் எனக்கு வேண்டாம். அவர் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் வாயைத்தான் பார்ப்பார்.

ஏரி எண்ணூறு மீட்டர்தான். இந்தக் கோடியில் இறங்கி, கரையை ஒட்டி, அந்தக் கோடியில் ஏற வேண்டும். சைக்கிள்கள் அங்கே நிற்கும். கணுக்காலில் ஒரு பட்டை கட்டுவார்கள். நீங்கள் கழற்றி என் காலில் கட்ட வேண்டும், நான் கணவாய் போய்வந்து என் மருமகள் காலில் கட்டுவேன். கடைசியில் மூவரும் சேர்ந்து முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

மே மாதம் வாருங்கள். இறங்கவே வேண்டாம். பாருங்கள். எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து ஏரி தெரியும். லிஃப்ட் கிடையாது, ஆகவே சோதனை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிக்கு,
பையனின் அப்பா


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி மூன்று முறை சத்தமாக வாசித்தாள். நோட்டீஸ் வரியில் ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சிரித்தாள். 'தாங்கள்' போய்விட்டது என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'மதிப்பிற்குரிய' மட்டும் இருக்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றினால் மாப்பிள்ளை கை வைத்த குழாய் மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் கோபமாக இல்லை என்று தெரிந்ததில் ஒரு பாரம் இறங்கியது. ஆனால் அதனால் ஏரி சுருங்கிவிடவில்லை.

மே மாதம் வருகிறோம். பார்க்க மட்டும். ஏரிக் குளிரில் நீந்தப் போடுகிற ரப்பர் உடை ஒன்றை மகள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். என் மனைவி கதவருகே நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "சைக்கிள் டியூப் மாதிரி இருக்கீங்க. பஞ்சர் மட்டும் ஆகிடாதீங்க" என்றாள். கழற்றுவதற்கு அவள் உதவி தேவைப்பட்டது. அந்த விவரங்கள் வேண்டாம்.

பணிவுள்ள,
பெண்ணின் தகப்பன்


மே 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். மாடி அறைக்கும், கூடுதல் போர்வைக்கும், ஜன்னலைத் திறந்ததும் பைன் மரங்களுக்கு மேலே பனி நின்ற அந்தச் சிகரத்துக்கும் நன்றி. சிகரத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்வது சரியா என்று தெரியவில்லை. நீங்கள் காட்டிய விதத்தில் அது உங்களுடையது போலத்தான் இருந்தது.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதை எழுதத்தான் இரண்டு நாளாகக் காகிதத்தை வீணாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை ஏரியில் இடுப்பளவு தண்ணீர்வரை போனேன். பச்சையும் கறுப்புமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். முட்டிக்குக் கீழே என் கால்கள் இல்லை. இருக்கின்றன என்று தெரியும், உணரவும் முடிகிறது, ஆனால் பார்க்க முடியவில்லை. திரும்பி நடந்து வந்துவிட்டேன். நீங்கள் கரையில் துண்டோடு நின்றிருந்தீர்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. "தண்ணி ரொம்பக் குளிருது இல்ல?" என்று மட்டும் கேட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தீர்கள். நான் "ஆமாம், குளிர்" என்றேன். நான் சொல்ல வேண்டிய சாக்கை நீங்களே தயார் செய்து கையில் கொடுத்தீர்கள். அதற்குத்தான் நன்றி.

குளிர் அல்ல, சம்பந்தி. பயம்.

ஆகவே என்னை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள். தோற்பது பற்றி எனக்குக் கவலையில்லை. நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, அது பழகிவிட்டது. ஆனால் இரவில் ஒரே காட்சி வருகிறது. அந்தக் கோடியில் நீங்கள் ஹெல்மெட் போட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எல்லா அணிகளும் போய்விட்டன. என்னைப் படகில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பட்டை என் காலிலேயே இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு இருந்த கடைசி வருடத்தை நான் ஏரி நடுவில் தொலைத்துவிட்டேன். அப்போதும் நீங்கள் "தண்ணி குளிரா?" என்றுதான் கேட்பீர்கள். அதுதான் தாங்காது.

வேறு ஆளைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது. பல் டாக்டரிடம் பேசிவிட்டேன். அவர் தயார்.

பணிவுள்ள,
பெண்ணின் தகப்பன்


மே 29

அன்புள்ள சம்பந்தி,

பல் டாக்டரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். உங்களால் 'வேண்டாம்' சொல்ல முடியாது என்பதால், நானே போன் செய்து சொல்லிவிட்டேன். நம்பரை என் மருமகள் வாங்கித் தந்தாள். நல்ல மனிதர். என் கடைவாய்ப் பல் பற்றிக் கொஞ்சம் விசாரித்தார்.

உங்களை வற்புறுத்த மாட்டேன். என்னுடைய வேலையில் நடக்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஸ்கூல் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒரு அம்மா வந்தார்கள், பள்ளிக்கூட ஆயா. பாலத்தின்மேல் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கண்ணைத் திறங்க" என்றால், "திறந்தா ஆறு தெரியுது சார்" என்றார்கள். கடைசியில் நான் சொன்னது: "ஆற்றைப் பார்க்காதீங்க. என் காலைப் பாருங்க. எங்க இருக்கு?" "பிரேக் மேல சார்." "அது அங்கதான் இருக்கும்." அதற்கப்புறம் பாலத்தில் ஏறுகிறபோதெல்லாம் ஒரு தடவை ஓரக்கண்ணால் என் ஷூவைப் பார்ப்பார்கள், அப்புறம் ரோட்டைப் பார்ப்பார்கள். நான் அந்தப் பிரேக்கை மிதித்ததே இல்லை. இப்போது அவர்கள் வேன் ஓட்டுகிறார்கள்.

அவ்வளவுதான். இதற்கும் ஏரிக்கும் சம்பந்தம் இல்லை. சும்மா நினைவு வந்தது.

நீங்கள் வராவிட்டால் நான் போட்டியில் பெயர் கொடுக்க மாட்டேன். அது மிரட்டல் இல்லை. தெரியாத ஆள் காலிலிருந்து பட்டையை வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். கணவாய் எங்கேயும் போகாது. கீழே இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் எப்படியும் வாருங்கள். ஏரிக்கரையில் நாற்காலி போட்டு டீ குடிப்போம், மூச்சிரைக்கிறவர்களைப் பார்த்துக் கமெண்ட் அடிப்போம். அதுவும் ஒரு விளையாட்டுதான்.

பையனின் அப்பா


ஜூலை 11

அன்புள்ள சம்பந்திக்கு,

'மதிப்பிற்குரிய' போய்விட்டது. கவனிக்கவும்.

உங்கள் கடிதம் வந்து நெடுநாள் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம், பதில் என்ன என்று எனக்கே தெரியாமல் இருந்தது. கணவாயைக் கீழே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஏன் எழுதினீர்கள்? வாக்குவாதம் செய்திருந்தால் சுலபமாக மறுத்திருப்பேன்.

இங்கே நடப்பது இது. குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீந்திப் பழகுகிறேன். கோடு இல்லாமல் போவது எப்படி என்று பார்க்கத்தான். பல் டாக்டரை இரண்டு முறை இடித்துவிட்டேன். "என் பல்லை உடைச்சிட்டா அதை யார் சார் கட்டுறது?" என்றார். நான் இடதுபக்கம் மட்டுமே மூச்சு வாங்குகிறேன் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். அதனால் வலதுபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போகிறேனாம். வலதுபக்கம் மூச்சு வாங்கினால் தண்ணீரை வாங்குகிறேன். இந்த வயதில் அதை மாற்ற முடியாது.

சாப்பாட்டு மேசையில் என் மனைவியிடம் எல்லா ஆபத்துகளையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "லிஃப்டுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் சோதனை. நீங்க உங்களை தினம் மூணு வேளை சோதிக்கிறீங்க. எந்த மெஷின்தான் தாங்கும்?" என்றாள்.

பெயர் கொடுங்கள். வருகிறேன். நீந்தி முடிப்பேன் என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். வருகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உங்கள்,
பெண்ணின் தகப்பன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள சம்பந்தி,

தோள் வலி போனதா? உங்கள் மாப்பிள்ளை எடுத்த வீடியோவை நேற்றுதான் டிவியில் போட்டுப் பார்த்தோம். என் வீட்டம்மா அதை நிறுத்தி நிறுத்திப் போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களை வேறு கூப்பிட்டுவிட்டாள். நாம் இனி இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

முதலில் நீங்கள் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறீர்கள், எல்லோருக்கும் கடைசியில். கரையில் கைதட்டல். நீங்கள் யாருக்கோ தட்டுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பி ஏரியைப் பார்க்கிறீர்கள். அங்கே யாரும் இல்லை. அந்த இடத்தில் வீட்டம்மா இரண்டு முறை நிறுத்தினாள்.

அப்புறம் என் சவாரி. மேலே கணவாயில் கேமரா இல்லை, ஆகவே நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். எதிர்க்காற்று. வழியில் இறங்கிக் கொஞ்ச நேரம் காட்சி பார்த்தேன். மேகம் எனக்குக் கீழே இருந்தது, சம்பந்தி. மேகத்தின் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓட்டை விழுந்த ஓர் இடத்தில் ஏரி தெரிந்தது, உள்ளங்கை அளவு. அதிலா இந்த மனுஷன் வந்தார் என்று நினைத்தேன். சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் போன பையன் பயந்து வேகமாக மிதித்தான்.

என் மருமகள் ஓடியது உங்களுக்கே தெரியும். காட்டுக்குள் போகிறபோது நம் பிரிவில் ஐந்தாவது, அதாவது கடைசி. வெளியே வருகிறபோது மூன்றாவது. மூன்றாவது அணிக்கு ஒரு தேன் பாட்டில் பரிசு. அதைக் கண்ணால் பார்த்தேன், மேசைமேல் இருந்தது.

இனி அந்தக் கடைசி இடம். வீடியோவில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறோம். கோட்டுக்கு ஓரடி முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள்.

"நீங்க முதல்ல, சம்பந்தி."

"அதெல்லாம் இல்ல. நீங்கதான் ஏரியைத் தாண்டினீங்க. நீங்க முதல்ல."

"மலை ஏறினது நீங்க. பெரியவர் வேற."

"எட்டு மாசம்தான் பெரியவன். நீங்க பெண்ணைக் கொடுத்தவர்."

"நீங்க பையனைக் கொடுத்தவர்."

பின்னால் என் மருமகள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். நமக்குப் பக்கத்திலேயே மூன்று அம்மாக்கள், ரிடையர் ஆன நர்சுகளாம், 'எக்ஸ்கியூஸ் மி' என்று சொல்லிக் கடந்து போகிறார்கள். நாம் அவர்களுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறோம்! நீங்கள் கும்பிடு வேறு போடுகிறீர்கள். அப்போதுதான் அவள் கத்துகிறாள்: "அப்பா! மாமா! லிஃப்ட் போயிடும்!" இரண்டு பேர் முதுகிலும் கை வைத்துத் தள்ளுகிறாள். சேர்ந்து விழுகிறோம்.

நான்காவது இடம். பார்சலில் ஒரு தேன் பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியது. நர்சுகளிடமிருந்து பிடுங்கவில்லை.

வெயில் நாளில் நான் என் வீட்டம்மாவின் சிவப்பு மழைக்கோட்டைப் போட்டிருந்தேனே, அதைப் பற்றி மகன் இன்னும் கேலி செய்கிறான். காலையில் குளிர்ந்தது, கையில் கிடைத்ததைப் போட்டேன். இதில் என்ன இருக்கிறது?

ஆபரேஷன் செப்டம்பர் கடைசியில். டாக்டர், "போட்டிக்குப் போனீங்களா?" என்று கேட்டார். "பார்க்கப் போனேன்" என்றேன்.

பையனின் அப்பா


செப்டம்பர் 5

அன்புள்ள சம்பந்திக்கு,

தேன் கிடைத்தது. நாங்கள் அதைப் பரிசு என்றே எல்லோரிடமும் சொல்கிறோம். மாப்பிள்ளை பாட்டில் மூடியைத் திறந்து தந்தார். இம்முறை எதுவும் உடையவில்லை.

ஏரியில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

விசில் ஊதியதும் எல்லோரும் போய்விட்டார்கள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனேன். அப்புறம் கண்ணைத் திறந்தேன். கீழே ஒன்றும் இல்லை. பச்சை, அதற்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே எதுவும் இல்லை. கை நின்றுவிட்டது. காவலுக்கு ஒரு பெண் சின்னத் துடுப்புப் படகில் சுற்றிக்கொண்டிருந்தாள். வேகமாக வந்து, "பிடிச்சுக்கோங்க ஐயா. ஓய்வு எடுக்கலாம், நான் இழுத்துட்டுப் போகத்தான் கூடாது" என்றாள். பிடித்துக்கொண்டேன். எனக்கு மூச்சு வாங்குகிறது, பல் தந்தி அடிக்கிறது. வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "இந்தப் படகை எப்பம்மா கடைசியா சோதிச்சாங்க?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். படகையும் பார்த்தாள். "தெரியலையே ஐயா. மிதக்குது" என்றாள்.

என் வாழ்நாளில் நான் படித்த அறிக்கைகளிலேயே அதுதான் மிகச் சிறியது. குறை சொல்ல அதில் ஓர் இடம்கூட இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதுதான் கவனித்தேன், நானும் மிதந்துகொண்டுதான் இருந்தேன்.

கையை விட்டேன். இடதுபக்கம் மூச்சு வாங்கினேன். கரையில், நாணலுக்கு மேலே, சிவப்பாக ஏதோ தெரிந்தது. அடுத்த மூச்சில் மறுபடி தெரிந்தது, எனக்கு நேராகவே. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த நடை யாருடையது என்று புரிந்தது. ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடக்கிற நடை.

நீங்கள் அந்தக் கோடியில் சைக்கிளோடு உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள். கற்கள் நிறைந்த அந்தக் கரைப்பாதையில் ஏரியின் நீளம் முழுவதும் என்னோடு நடந்திருக்கிறீர்கள், என் வேகத்துக்கு. அந்தச் சிவப்பு மழைக்கோட்டு கையில் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தியம்மா என் மனைவியிடம் போனில் சொன்னது வேறு. வீட்டில் எது கண்ணைப் பறிக்கிற நிறம் என்று முந்தின நாளே அலமாரியைக் கலைத்தீர்களாம். எதிர்க்காற்று என்றும் காட்சி என்றும் எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வீங்கி, கடைசி வளைவுகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்களாம். மிதித்துப் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட இடத்துக்கு, என்னால் பாதி நடந்து போயிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்டால், மேகத்தின் முதுகைப் பற்றி இன்னொரு பத்தி எழுதுவீர்கள். ஆகவே கேட்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூட ஆயா ஓரக்கண்ணால் பார்த்தது போலத்தான் நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு கீழே இருக்க வேண்டும் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். பக்கத்திலும் இருக்கலாம் போலிருக்கிறது.

உங்கள் ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாங்கள் வருகிறோம். நீங்கள் எழுந்து நடக்கும்வரை இருப்பேன். கேட்டு எழுதவில்லை, சொல்லி எழுதுகிறேன்; மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்லுங்கள். என் மனைவிக்கே ஆச்சரியம். "கூப்பிடாம நீங்க ஒரு வீட்டுக்குப் போறதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்கிறாள்.

ஒரு நிபந்தனை உண்டு. ஆஸ்பத்திரியில் உங்களைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது நான். கதவு திறந்ததும் நீங்கள்தான் முதலில் போக வேண்டும். இந்த ஒரு தடவை வாதம் வேண்டாம். பொத்தானை நான் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். எது என்று எனக்குத் தெரியும்.

மார்ச்சில் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்து இன்று மறுபடி படித்தேன். முதல் இரண்டு குறிப்புகளில் பிழையில்லை. மூன்றாவது தவறு என்று என் மனைவி சொல்கிறாள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்த ஏரி உண்மையிலேயே அப்படிப்பட்டதுதான். நான்காவதும் சரியே, பல் டாக்டர் இன்றும் என்னைவிட நன்றாகத்தான் நீந்துகிறார்.

ஐந்தாவது, அந்த இடைவெளிக் கருத்து, தவறு.

உங்கள்,
சம்பந்தி